செஞ்சோறும் எழுதுகோலும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



கோயிலுக்குக் கொடை அளிப்போரை நாம் அறிவோம். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வாரி வழங்கியோரையும் அறிவோம். ஆனால், செய்தியாளர்க்குத் தொழில் கற்பிப்பதற்கென்றே ஒரு செல்வர் அறநிலையம் கண்டார் என்றால் வியப்புத் தோன்றுகிறதன்றோ? அத்தகைய அறநிலையம் ஒன்று 1962ஆம் ஆண்டில் பிரிட்டனில் பிறந்தது. தாம்சன் அறக்கட்டளை என்பது அதன் பெயர்.

அதை நிறுவிய ராய் தாம்சன் 1894இல் கனடாவின் டொராண்டோ நகரில் முடிதிருத்துவோர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். வானொலிப் பெட்டி விற்றுப் பிழைத்தார். பெட்டி வாங்கியோர் கேட்டு மகிழ அவ்வட்டாரத்தில் நிலையம் இல்லை. ஆகவே தாமே ஒரு நிலையம் அமைத்தார்! 1934இல் டிம்மின்ஸ் என்னும் சுரங்க ஊரின் செய்தித்தாளை வாங்கினார். 1959இல் லண்டனின் 'சண்டே டைம்ஸ்', 1966இல் 'டைம்ஸ்' ஆகியன அவர் உடைமையாயின. தாம் ஈட்டப் பிறந்த வணிகர் என்பதை அவர் என்றும் மறைத்ததில்லை.

அறக்கட்டளை தோன்றிய 1962ஆம் ஆண்டின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஜமாய்க்காவும் டிரினிடாடும் உகாண்டாவும் விடுதலை பெற்றது அவ்வாண்டில்தான். புதிய நாட்டிற்குக் கொடி உண்டு; சட்டமன்றமும் உண்டு. ஆனால், அம்மன்றத்தில் இயற்றிய சட்டம் உழவனின் நிலத்தை என்ன செய்யும் என்று விளக்கவல்ல செய்தியாளர் வேண்டாவா? அக்குறையைப் போக்குவதே அறக்கட்டளையின் நோக்கம். வேல்சு நாட்டுக் கார்டிஃப் நகரில் செய்தித்தாள் பயிற்சியும், கிளாஸ்கோவை அடுத்துத் தொலைக்காட்சிப் பயிற்சியும் நடந்தன. பின்னர்ப் பயிற்சியாளர்களே அந்தந்த நாடுகளுக்குச் சென்றனர். இன்று இணையவழியிலும் கற்பிக்கின்றனர்.

இங்கே ஒரு வினா எழுகிறது. சோறிட்டவனுக்கு எழுதுகோல் கட்டுப்பட வேண்டாவா? நம் மரபில் இதற்கு இரு விடைகள் உண்டு. துரியோதனன் இட்ட சோற்றுக்காக, அவன் வழி தவறென்று அறிந்தும் உயிர் கொடுத்தான் கர்ணன். விதுரனும் அதே அரண்மனையில் வாழ்ந்தவன்தான். அவனோ அரசன் முகத்துக்கு எதிரே உண்மையை உரைத்துத் தன் கடனைத் தீர்த்தான். போர்வீரனுக்குக் கர்ணன் வழி புகழ் தரலாம். செய்தியாளனுக்கு விதுரன் வழி ஒன்றே அறம்.

தாம்சன் இதை உணர்ந்திருந்தார். தம் இதழ்களின் கருத்தை எவரும் விலைக்கு வாங்க இயலாது என்னும் பொருள்பட அச்சிட்ட அட்டை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அவ்வுறுதிக்குச் சோதனையும் வந்தது. தாலிடமைடு என்னும் மருந்தைக் கருவுற்ற தாய்மார் உண்டதால் குழந்தைகள் கைகால் குறைவுற்றுப் பிறந்தனர். அவர்களுக்கு நீதி கேட்டு 1972இல் 'சண்டே டைம்ஸ்' முழங்கியது. அம்மருந்தை விற்ற நிறுவனமோ அவ்விதழுக்குப் பெரும் விளம்பரம் தந்து வந்தது! எனினும் ஆசிரியர் ஹரால்டு எவன்சின் கையை உரிமையாளர் பிடிக்கவில்லை. நீதிமன்றத் தடை குறுக்கிட்டது. அத்தடை தவறென்று 1979இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தாம்சன் 1976இல் மறைந்தார். நிறுவியவர் மறைந்தபின் நோக்கத்தைக் காப்பவர் யார்? அறங்காவலர்களே. இத்தகைய நிலையங்கள் இன்று அரசுகளின் நிதியையும் பெற்றுப் பணிபுரிகின்றன. ஆதலால் காவல் இன்னும் கடினமாகிறது. கொடுத்தவர் குரலைக் கற்பவர் வாயில் திணியாமல், அவரவர் நாட்டு உண்மையை அவரவரே எழுதச் செய்வதே அங்குத் தலைமை. பயின்றவர் தமக்கு உதவிய நாட்டையே குறைகூறி எழுதினாலும், அதைப் பயிற்சியின் வெற்றி என்று ஏற்கும் உள்ளம் வேண்டும்.

நம் நாட்டிலும் 1963இல் இந்தியப் பத்திரிகைக் கழகம் தோன்றியது. இன்று சென்னைத் தரமணியில் இயங்கும் அக்கழகம் நடத்தும் இதழின் பெயர் என்ன தெரியுமா? 'விதுரா'! எவ்வளவு பொருத்தமான பெயர்!

அன்பர்களே! வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரமும் வாய்மைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். இரண்டும் கைகோத்தால் எத்தகைய பணி விளையும் என்பதையே இதுவரை கண்டோம். குழல்விளக்கில் கொடையாளர் பெயரைப் பெரிதாக எழுதி வெளிச்சத்தை மறைக்கும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. சங்கப் பணியாயினும் பிற பணியாயினும், விளக்கைக் கொடுப்போம், ஒளியை மறைக்காதிருப்போம். நம் காலனிப் பிள்ளைகளுள் ஒருவர், ஆணாயினும் பெண்ணாயினும், செய்தியாளராக விழைந்தால், "வேறு வேலையா இல்லை?" என்று தடுக்காதீர்கள். "யார் சோறிட்டாலும் உண்மையை எழுது" என்று வாழ்த்தி அனுப்புங்கள். அதுவே நாம் அளிக்கத்தக்க பெருங்கொடை.

வாழ்க தமிழ்! வளர்க வாய்மை!