முறையிட்டவள் பெயரைக் காப்பது யார்?



இப் பிரம்மதேசத்தினின்று திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் நம் பெண்மக்கள் கல்வி நாடிச் செல்கின்றனர். ஆங்குத் தீங்கு நேரின் அவர்தம் முறையீட்டுக்குக் காப்பு யாது?

2024 திசம்பர் 23-ஆம் நாளிரவு, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருத்தி பாலியல் கொடுமைக்கு ஆளானாள். அஞ்சாது முறையிட்டாள். காவல்துறை பதிந்த முதல் தகவல் அறிக்கையோ, அவளை அடையாளங்காட்டி எங்கும் பரவிற்று! சென்னை உயர்முறை மன்றம் அவளுக்கு உருபா 25 இலக்கம் இடைக்கால இழப்பீடு வழங்கப் பணித்தது. குற்றவாளி 2025 சூனில் வாழ்நாட் சிறைத்தண்டம் பெற்றான். ஆயினும், வெளிப்பட்ட பெயரை எத் தீர்ப்பு மீண்டும் மறைக்கும்?

கல்லூரிகளுக்கும் இஃது எச்சரிக்கையே. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், முறையிட்டவளின் பெயரை வெளியிடலாகாது என்கின்றது. பல்கலைக்கழக நல்கைக் குழுவின் 2015-ஆம் ஆண்டு நெறிமுறையோ, கல்லூரிதோறும் உள்ளகக் குழு அமைத்து, 90 நாளுள் உசாவி முடிக்கப் பணிக்கின்றது. மாணவர் தொடர்பான முறையீடாயின், மாணவர் மூவரும் அதில் அமர்தல் வேண்டும்.

பெற்றோரே! மகளைச் சேர்க்கும் நாளில் கட்டணத்தை மட்டும் கேளாதீர். அக் குழுவினர் யாவர் என்றும் கேளுங்கள். பெயர் காவாத இடத்தில் முறையீடு எழாது. முறையீடே எழாத கல்லூரியைத் தீங்கற்ற கல்லூரியென நம்பி ஏமாறாதீர்!