சிறு எஞ்சினின் காற்றுக் கசிவு

சங்கரன்கோவிலில் பொழுது புலருமுன்னரே பூச்சந்தை விழித்துக்கொள்கிறது. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மல்லிகையும் பிச்சியும் மூட்டைகளாக வந்து இறங்குகின்றன. அவற்றைச் சுமந்து வருவனவற்றுள் பழைய மொபெட்டுகளும் உண்டு. வழியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் அன்றைய பூ வாடிவிடும். பூவோடு அன்றைய கூலியும் போய்விடும். இந்த இறுக்கத்துக்குப் பெரிதும் காரணமாகிற ஒரு நோயையும், அதனை வீட்டிலேயே கண்டறியும் வழியையும் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

1980-ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டில் இருந்தது இருவீச்சு எஞ்சின். மக்கள் வழக்கில் ‘டூ ஸ்ட்ரோக்’. 2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 நான்கு வீச்சு எஞ்சினுக்கு மாறிவிட்டது. ஆயினும் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. பருத்திக்கு மருந்தடிக்கும் விசைத்தெளிப்பான்கள் பலவற்றிலும் இருவீச்சு எஞ்சினே முழங்குகிறது.

இந்த எஞ்சினின் தனித்தன்மை யாது? 1891-இல் இங்கிலாந்தில் ஜோசப் டே என்பார் உரிமை பெற்ற அமைப்பில், பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் அறையே துருத்தியாக வேலை செய்கிறது. பிஸ்டன் மேலேறுகையில் அவ்வறை பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவியை உள்ளிழுக்கிறது. கீழிறங்குகையில் அதனை அழுத்திச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. கொல்லன் துருத்தியில் ஓட்டை விழுந்தால் உலை மங்கும். இங்கோ அதற்கு நேர்மாறு. ஓட்டை வழியே வேண்டாத காற்று நுழைய, பெட்ரோலின் பங்கு குறைகிறது. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயிலும் குறைகிறது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது. பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பற்றிக்கொள்கிறது.

பிடியை விட்ட பின்னும் எஞ்சின் வேகம் தணியாமல் இரைவதும், பிளக்கின் முனை வெளுத்திருப்பதும் இதன் அறிகுறிகள். பலரும் அப்போது கார்புரேட்டரைக் கழுவுவர். அல்லது சற்றுப் பெரிய ஜெட்டைப் போடுவர். காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் நெற்றியில் ஈரத்துணி போடுவது போன்றது இது. பிஸ்டனை மாற்றிச் செலவழித்தவருக்கு, கசிவு இருந்தபடியே இருந்தால், புதுப் பிஸ்டனும் பழையதன் வழியே செல்லும்.

சோதனைக்கு வேண்டிய கருவி மருத்துவரிடம் உண்டு. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர்க் குமிழும் வட்ட முள்மானியுமே போதும். அதில் 300 மில்லிமீட்டர் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.4 கிலோகிராம், இந்த வேலைக்கு அதுவே மேல் எல்லை. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை இங்கே கொண்டுவரலாகாது. அதன் வேகத்தில் நல்ல ஆயில் சீலும் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

எஞ்சின் ஆறிய பின், கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழற்றிவிட்டு, இரண்டு வாய்களையும் தடித்த ரப்பரும் தகடும் வைத்துப் பழைய போல்ட்டுகளாலேயே இறுக்கி மூட வேண்டும். கார்புரேட்டர் பக்கத்து மூடிக்குச் சைக்கிள் டியூபில் வால்வோடு வெட்டிய துண்டு பொருந்தும். வால்வின் உள்ளிருக்கும் ரப்பரை எடுத்துவிட வேண்டும். இன்றேல் காற்று உள்ளே போகுமேயன்றி, உள்ளே இருக்கும் அழுத்தம் முள்ளுக்குத் தெரியாது. கருவியின் குழாய்களே கசிகின்றனவா என்பதையும் முதலில் பார்த்துவிடுவது நன்று.

பிஸ்டனை மேல்முனையில் நிறுத்தி, குமிழை மெல்ல அழுத்துக. அப்போது உள்வாயும் கிராங்க் அறையும் ஒன்றாகியிருக்கும். முள் 250-ஐத் தொட்டதும் கடிகாரத்தைப் பார்க்கலாம். ஒரு நிமிடத்தில் 50 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் ஐயத்துக்கு இடமுண்டு. சோப்பு நீரைத் தூரிகையால் இணைப்புகளில் பூசினால் குமிழிகள் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சிலிண்டர் அடியிலுள்ள பாக்கிங், கார்புரேட்டர் குழல் பொருந்தும் இடம், மாக்னெட்டைக் கழற்றினால் தெரியும் ஆயில் சீல் ஆகிய மூன்றையும் விடாமல் பார்க்க வேண்டும். பிறகு பிஸ்டனைக் கீழ்முனைக்கு இறக்கி, பீங்கானை உடைத்தெடுத்த பழைய பிளக்கின் கூட்டில் குழாயைப் பொருத்தி, பிளக் துளை வழியே காற்றைச் செலுத்தினால் தலைப்பக்கத்துப் பாக்கிங்கும் சோதனைக்குள் வந்துவிடும்.

சீலின் உதடு உள்நோக்கி இருப்பதால், உள்ளே அழுத்தம் கூடுகையில் அது தண்டைப் பற்றிக்கொள்ளும், உறிஞ்சுகையில் தளரும். ஆகவே தேய்ந்த சீல் இச்சோதனையில் தேறிவிடவும் கூடும். கிளட்ச் பக்கம் ஆயிலில் இயங்கும் எஞ்சினில், கீழே ஒரு துளியும் ஒழுகாமலே ஆயில் குறைந்து, புகையும் மிகுந்தால், மானி என்ன சொன்னாலும் அப்பக்கத்துச் சீலை மாற்றுவதே முறை.

எஞ்சின் ஓடும்போது பெட்ரோலைத் தெளித்துக் கசிவு தேடுவோரும் உளர். சூடான சிலிண்டருக்கு அருகில் அது நெருப்போடு விளையாட்டு. மாணவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம்.

சீலை மாற்றுமுன் கிராங்க் தண்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கையும் உடன் மாற்ற வேண்டும். ஆடும் தண்டில் புதுச் சீல் நெடுநாள் தங்காது. எல்லாவற்றையும் பூட்டிய பின் மீண்டும் ஒருமுறை குமிழை அழுத்தி, முள் ஒரு நிமிடம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்ரோல் ஊற்றலாம்.