மண்ணிற் புதைந்த பழம்பொருள்களும் பொதுஜனங்களும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் புதைபொருளாராய்ச்சி. அது பண்டிதர்கள் காரியமாயிற்றே, நமக்கு அதில் என்ன பாத்தியம் என்று சிலர் எண்ணக்கூடும். ஸ்ரீபெரும்பூதூர் முதல் ஒரகடம் வரையில் நம் பக்கத்தில் மண் தோண்டாத நாள் உண்டோ? மோட்டார்த் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம், சாலைக்குச் சரளை, ஏரியில் வண்டல் எடுப்பு என்று இயந்திரங்கள் ஓயாமல் வாரிக்கொண்டிருக்கின்றன. அக்குழியின் கரையில் முதலில் நிற்பவர் ஆராய்ச்சியாளர் அல்லர். நிலத்தை விற்றவரும், லாரி ஓட்டுபவரும், ஒப்பந்தக்காரரும், ஆடு மேய்ப்பவருமே. அவர்களுள் நம்மவர் அநேகர். கண்டதை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே நம் பிரதேசத்தின் பூர்வ சரித்திரம் நிற்கும், அல்லது அழியும்.

இது புதிய சங்கதியன்று. 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி, பூமி சாஸ்திர இலாகாவைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் பூட் என்னும் ஆங்கிலேயர், பல்லாவரத்தில் சரளைக்கல் எடுத்த குழியொன்றில் மனிதன் கையாற் செதுக்கிய கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதனுக்குக் கிடைத்த முதற் சாட்சி அதுவே. குழியைத் தோண்டியவர்கள் கூலியாட்கள். அவர்கள் காலடியில் அத்தகைய கற்கள் எத்தனை மிதிபட்டனவோ! அவ்வருஷமே செப்டம்பரில் பூட்டும் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் பக்கத்து அதிரம்பாக்கத்தைக் கண்டார்கள். சாந்தி பப்பு அம்மையாரும் அவர் துணைவர்களும் அங்கே நெடுநாள் அகழ்ந்து, அங்குள்ள கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையுடையன என்று 2011-இல் வெளியிட்டார்கள்.

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு கிராமத்தை நீங்கள் அறிவீர்கள். 2022-இல் மத்திய தொல்லியல் துறையார் அங்கே அகழ்ந்தபோது கற்கருவிகளும், மணிகளும், தங்க அணித் துண்டுகளும், ரோமாபுரி நாட்டு மதுச்சாடியின் ஓடுகளும் வெளிப்பட்டன. நம் வீட்டுப் பெண்கள் சுள்ளி பொறுக்கும் மேட்டின் கீழே கடல் கடந்த வாணிகத்தின் அடையாளம்! ஊர்தோறும் "நத்தமேடு" என்று சொல்லி, எருவுக்காகவும் செங்கலுக்காகவும் நாம் வெட்டிக் கரைத்த மேடுகளில் இன்னும் எவை இருந்தனவோ.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மதுச்சாடியின் ஓட்டைத் தனியே எடுத்து வீட்டு அலமாரியில் வைத்தால் அது வெறும் ஓடு. எந்த மண்ணடுக்கில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்று தெரிந்தால்தான் அது சாட்சி சொல்லும். ஆகையால் பொருளைக் காப்பதைவிட அது கிடந்த இடத்தைக் காப்பதே பெரிது. கறுப்பும் சிவப்புமான பானையோடு, தாழி, உறைகிணறு, வட்டமாக நட்ட கற்கள் ஆகியவை தென்பட்டால் வேலையை அவ்விடத்தில் மட்டும் நிறுத்துங்கள், கழுவாதீர்கள், பக்கத்தில் ஒரு சாண்கோலை வைத்துப் படம் எடுங்கள், சர்வே நம்பரைக் குறியுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும்.

"சொன்னால் நிலம் போய்விடுமே" என்ற பயம் நம்மவரிடம் உண்டு, அதை மறைப்பானேன்? பொருள் கிடைத்ததனால் மட்டும் நிலம் சர்க்காருக்குப் போவதில்லை. ஓரிடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்குமுன் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டுமென்று 1958-ஆம் வருஷத்து மத்தியச் சட்டம் விதிக்கிறது. அறிவித்த பின் நூறு மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பத் தடையுண்டு என்பதும் மெய்யே. புதையலைப் பற்றியோ 1878-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தெரிவித்தவருக்கோ, வேறு உரியவர் இல்லாவிடத்து, நிலக்காரரோடு தனி ஒப்பந்தம் இல்லையானால் முக்கால் பங்கும், நிலக்காரருக்குக் கால் பங்கும் உரியன. சர்க்கார் எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கவேண்டும். திருட்டுத்தனமாய்த் தட்டானிடம் உருக்குபவன் சரித்திரத்தையும் இழந்து லாபத்தையும் இழக்கிறான்.

கீழடியில் 1970-களில் ஒரு பள்ளியாசிரியர் மாணவர் கொண்டுவந்த பழம்பொருள்களைப் பார்த்துத் தொல்லியல் துறைக்கு அறிவித்தார். பேரகழ்வு தொடங்கியதோ 2014-க்குப் பின்னர். அவர் எழுதிவைத்த செய்தி வீணாகவில்லை. நம் பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் இதைக் கேட்க வேண்டும்.

இனிக் கோயில். மணிமங்கலத்தில் நரசிம்மவர்மப் பல்லவன் புலிகேசியோடு பொருதான் என்பது கூரம் செப்பேட்டால் தெரிகிறது. அவ்வூர்ச் சோழர் சாசனங்கள், 1054-இல் நடந்த கொப்பத்துப் போரைச் சொல்லும் சாசனம் உட்பட, 1899-இல் ஹுல்ட்ஸ் துரை பதிப்பித்த தென்னிந்தியச் சாசனங்கள் மூன்றாந் தொகுதியில் அச்சேறின. அச்சேறாத கல்லெழுத்துக்கள் நம் சிற்றூர்க் கோயில்களில் உள. கும்பாபிஷேகம் என்றதும் சுவரில் மணலைப் பீய்ச்சி எழுத்தைத் தேய்க்கிறார்கள். அதன்மேல் பெயிண்ட் பூசி, உபயக்காரர் பெயரைப் பெரிதாய் எழுதுகிறார்கள். (அவ்வுபயக்காரர் சில சமயம் நம் சங்கத்தவரே, கோபிக்க வேண்டாம்.) திருப்பணிக்கு ரசீது போடுமுன் கல்லெழுத்தைப் படியெடுக்கச் சொல்லித் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும்.

முடிவாக ஒரு வார்த்தை. அகழ்வில் ஏதேனும் கிடைத்தவுடன் "இது எங்கள் முன்னோருடையது" என்று ஒவ்வொரு ஜாதியாரும் உரிமை கொண்டாடுவதைக் காண்கிறோம். தாழியிலுள்ள எலும்பு தன் ஜாதியைச் சொல்லாது. நாமும் அதன் வாயில் நம் பெயரைத் திணிக்க வேண்டுவதில்லை. நம்மிடம் மெய்யாகவே உள்ள சாட்சிகள் வேறு: பரண்மேல் கிடக்கும் ஓலைக்கட்டுகள், நிலப் பத்திரங்கள், பூஜையறையில் வைத்து யாருக்கும் காட்டாத செப்பேடுகள். அவற்றில் நமக்குப் பெருமை தராத செய்தியும் இருக்கலாம், இருக்கட்டும். அப்படி வைத்திருப்போர் அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவற்றை எடுத்து வந்தால், உங்கள் கண்முன்னேயே படம் எடுத்து, அப்போதே கையில் திருப்பித் தரச் சங்கக் காரியதரிசியார் ஒப்புக்கொண்டிருக்கிறார். செப்பேட்டைப் புளிபோட்டுத் துலக்காமல் உள்ளபடியே கொண்டுவாருங்கள்.