மண் பாதையும் மோட்டார் வண்டியின் பின் வில்லும்



'வில் வண்டி' என்னும் சொல்லை உங்களுள் எத்துணைப் பேர் கேட்டிருப்பீர்களோ, உங்கள் பாட்டனார் நன்கு அறிவார். கூண்டு கட்டிய மாட்டு வண்டியிலே, இருசுக்கும் மேற்கட்டுக்கும் இடையே, எஃகுப் பட்டைகளை வில்போல் வளைத்து அடுக்கிப் பொருத்தியிருப்பர். பார வண்டியிலோ இவ்வில் இல்லை. சக்கரம் கல்லில் ஏறினால் அந்த இடி முழுவதும் ஏறியிருப்பவன் முதுகெலும்புக்கே போய்ச் சேரும். ஆதலால் வில் வண்டி செல்வர்க்கும் மேற்குடியினர்க்கும் உரியதாய்க் கருதப்பட்டது. 1893ஆம் ஆண்டில் திருவிதாங்கூரைச் சேர்ந்த அய்யன்காளி அவர்கள், தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச் சாலையிலே வில் வண்டியேறிச் சென்றது ஒரு பெரும் போராட்டமாயிற்று. ஒரு வளைந்த எஃகுத் துண்டுக்குள் இத்துணை வரலாறு அடங்கியிருக்கிறது. அந்த வில்லே இன்றும் பல மோட்டார் வண்டிகளின் பின்புறத்தில் வீற்றிருக்கிறது. மண் பாதைக்கு அதனை எவ்வாறு செப்பம் செய்வது என்பதே இன்றைய பேச்சு.

நான் வாழும் அடி அண்ணாமலை, திருவண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின்மேல் அமைந்த சிற்றூர். அப்பாதை தார்ச் சாலை. ஆயின் அதனை விட்டு விலகிக் கழனிகளின் பக்கம் திரும்பினால் செம்மண்ணும் பருக்கைக் கல்லும் வண்டித் தடத்தின் பள்ளமுந்தான். நெல் மூட்டையும் அவ்வழியே வரவேண்டும். பிரசவ வேதனையுற்ற பெண்ணும் அவ்வழியேதான் மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஆதலின் இப்பொருளைப் பந்தயக்காரர் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மண் பாதை என்றவுடன் நம் இளைஞர் செய்யும் முதற்காரியம் யாது? பட்டறைக்குச் சென்று, "இன்னும் இரண்டு பட்டை ஏற்றிவிடுங்கள்" என்பர். பின்புறம் உயர்கிறது, பார்வைக்கு மிடுக்காகவும் இருக்கிறது. இஃது எத்தகைய உதவி என்பதைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம்.

வில்லின் நெகிழ்வு அதன்மேல் வைத்த பாரத்துக்கு நேர் விகிதத்தில் அமையும் என்று 1678ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் வெளியிட்டதை நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வண்டியின் பாரத்தால் பின் வில் 10 சென்டிமீட்டர் அமுங்கி நிற்பதாகக் கொள்வோம். அந்த வண்டியைக் கையால் அழுத்தி விட்டால் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 95 முறை மேலும் கீழும் ஆடும். பட்டைகளைக் கூட்டி வில்லின் விறைப்பை இரு மடங்காக்கினால், அதே பாரத்துக்கு 5 சென்டிமீட்டரே அமுங்கும். ஆட்டமோ நிமிடத்துக்கு 134 ஆகிவிடும். அமர்ந்திருப்பவர் குலுங்குவது ஒருபுறம் இருக்கட்டும். பள்ளம் வந்தால் சக்கரத்தைக் கீழே தள்ளித் தரையோடு சேர்த்து வைப்பது வில்லின் கடமையன்றோ? 5 சென்டிமீட்டரே அமுங்கிய வில், 5 சென்டிமீட்டர் நீண்டதும் தன் தள்ளும் ஆற்றல் முழுவதையும் இழந்துவிடும். சக்கரம் அந்தரத்தில் நிற்கும். தரையைத் தொடாத சக்கரத்துக்கு பிரேக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை. மூட்டை ஏற்றிய நாளில் நன்றாய் ஓடிய வண்டி, வெறுமையாய்த் திரும்பும்போது வளைவில் வால் வீசுவதன் காரணம் இதுவே.

பட்டையின் தடிப்பிலும் கருத்து வேண்டும். அகலமும் நீளமும் மாறாதிருக்க, விறைப்புத் தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப வளரும். 6 மில்லிமீட்டர்ப் பட்டைக்குப் பதிலாக 7 மில்லிமீட்டர்ப் பட்டையைப் போட்டால் அதன் விறைப்பு ஒன்றரை மடங்குக்கும் சற்று மேற்படும். "ஒரு மில்லிமீட்டர்தானே" என்பவர் கணக்கில் தேறாதவர்.

நம் மாநிலத்திலேயே இப்பொருள் பற்றிச் சுவையான நிகழ்ச்சி ஒன்றுண்டு. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961ஆம் ஆண்டு முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் காரைச் செய்தது. ஆங்கில நாட்டு டிரையம்ஃப் ஹெரால்டே அதன் மூலம். மற்ற கார்களில் பின்சக்கரம் இரண்டையும் ஒரே முழு அச்சு பிணைத்திருக்க, இதிலோ நடுவிலிருந்து இரு பாதி அச்சுகள் பறவையின் சிறகுகள்போல் தனித்தனியே அசைந்தன; குறுக்கே கிடந்த ஒரே பட்டை வில் இரண்டையும் தாங்கிற்று. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றது அசையாது. நல்ல எண்ணந்தான். ஆயினும், பாரம் மிகுந்தால் சக்கரங்களின் தலைகள் உள்நோக்கிச் சாய்ந்து, டயரின் உட்புறம் தேயும். வளைவில் விரைந்து செல்கையில் உடல் மேலெழும்பினால் வெளிப்பக்கச் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும்; வண்டி மேலும் எழும்பி, பின்புறம் பிடிப்பை இழக்கும். 1972ஆம் ஆண்டில் அதே நிறுவனம் கெசல் என்ற காரை வெளியிட்டபோது பின்புறத்தில் முழு அச்சையே அமைத்தது. இதனைப் பின்னடைவு என்று சொல்வாருளர். நான் அவ்வாறு கருதவில்லை. மூட்டையும் குடும்பமும் ஒருங்கே ஏறும் நாட்டில், எந்தக் கிராமத்துப் பட்டறையிலும் பழுது பார்க்கத்தக்க அமைப்பே அறிவுடைய அமைப்பு. அம்பாசிடரும் 2014இல் உற்பத்தி நிற்கும் வரையில் பின்புறத்தில் முழு அச்சையும் பட்டை வில்லையும் விடவில்லை.

அவ்வாறாயின் மண் பாதைக்கு உரிய வில் எது? விறைப்பில் அடக்கமும், அசையும் தூரத்தில் தாராளமும் உடையது. ஆப்பிரிக்காவின் மண் பாதைகளில் 1953இல் தொடங்கிய சஃபாரி பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1963ஆம் ஆண்டிலும், பின்னர் 1966, 1967, 1968 ஆகிய மூன்றாண்டுகள் தொடர்ந்தும் வென்ற பெஷோ 404, பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டியன்று. நெடிது அசையும் மென்மையான வில்களையுடைய குடும்பக் கார்.

மென்மையான வில்லுக்கு ஒரு துணை இன்றியமையாதது. அதுதான் ஷாக் அப்சார்பர். பெயர் 'அதிர்ச்சி தாங்கி' எனினும், அதிர்ச்சியைத் தாங்குவது வில்லே. ஆட்டத்தை அடக்குவதே இதன் தொழில். உள்ளிருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே புகுந்து, ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக்கி விடுகிறது. பொதுவாக, அமுங்கும்போது இளகியும் நீளும்போது இறுகியும் நிற்குமாறு இதனை அமைப்பர். நீளும்போது மிகையாய் இறுகினால் தீங்குண்டு: அடுத்தடுத்த பள்ளங்களில் சக்கரம் கீழே வந்து சேருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும், வண்டி படிப்படியாய்த் தாழ்ந்து, இறுதியில் ரப்பர்த் தடுப்பில் மோதிக் கொண்டே ஓடும். நெடுநேர ஓட்டத்தில் எண்ணெய் சூடேறி நுரைத்தால் அடக்கும் ஆற்றல் குன்றும். அழுத்தத்தில் வாயு அடைத்தவை நுரையை வெகுவாய்க் குறைக்கின்றன.

மண் பாதையில் துணி துவைக்கும் பலகைபோல் வரிவரியாய் மேடு விழுவதைக் கண்டிருப்பீர்கள். வண்டி வில்லின் துள்ளலே அதற்குக் காரணம் என்று பலரும் எண்ணுகின்றனர். 2007இல் வெளியான ஓர் ஆய்வு, வில்லே இல்லாத சக்கரத்தை மணலில் சுழலவிட்டாலும் குறிப்பிட்ட வேகத்துக்குமேல் வரிகள் தோன்றுகின்றன என்று காட்டியது. ஆகவே பழி முழுவதையும் வில்லின்மேல் சுமத்துதல் முறையன்று, வேகத்துக்கும் பங்குண்டு.

வண்டி வளைவில் சாயாதிருக்கச் சில கார்களின் பின்புறத்தில் குறுக்குக் கம்பி ஒன்று வைத்திருப்பர். தார்ச் சாலையில் அது நன்மை. ஒரு சக்கரம் பள்ளத்திலும் ஒன்று மேட்டிலும் நிற்கும் மண் தடத்திலோ, அக்கம்பி பள்ளத்துச் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும். இயந்திரத்தின் சுழற்சி முழுவதும் அந்தச் சக்கரத்திலேயே வீணாகும். தடித்த கம்பி மண்ணுக்கு உதவாது.

பட்டை வில்லைப் பேணுதல் எளிது, எனினும் பலரும் மறப்பது. பட்டைகளுக்கிடையே மண் புகுந்து துரு ஏறினால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் ஒரே கட்டையாய் நிற்கும். கழற்றித் தூய்மை செய்து அடுக்க வேண்டும். வில்லை அச்சோடு பிணைக்கும் யு போல்ட்டுகள் புதிய வில் பொருத்திய சில நூறு கிலோமீட்டருக்குள் சற்றே தளரும். அவை தளர்ந்தால் நடு ஆணி அறுந்து அச்சு ஒருபுறம் நகரும். பட்டையும் நடுத் துளையருகே முறியும். வண்டியை ஜாக்கியில் தொங்கவிடாமல், நான்கு சக்கரமும் தரையில் ஊன்றி நிற்கையிலேயே அவற்றை முறுக்க வேண்டும். முனைகளில் ரப்பர் புஷ் உள்ள வில்லாயின், அம்முனை ஆணிகளையும் அந்நிலையிலேயே இறுக்குதல் வேண்டும்.