பூரணி வளர்ந்தாள், அரவிந்தன் வளர்ந்தானா?

லைட் நாவல் படிக்கிறவங்க, பிரதிலிபியில தொடர் எழுதுறவங்க எல்லாருக்கும் ஒரு பொதுத் தலைவலி உண்டு. ஹீரோவும் ஹீரோயினும் சேர்ந்துட்டா கதை முடிஞ்சுடும். சேரவிடாம இழுத்தா ரெண்டு பேரும் நின்ன இடத்துலயே நிப்பாங்க. பன்னிரண்டாவது வால்யூம் வந்தும், கையைப் பிடிக்கலாமா வேண்டாமான்னு முகம் சிவந்து நிக்கிற பையனை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். வால்யூம் நம்பர் மட்டும்தான் வளருது, அவன் வளரலை.

இது ஜப்பான்ல இருந்து வந்த சிக்கல்னு நினைச்சிடாதீங்க. வாராவாரம் தொடர்கதை வெளியிட்ட நம்ம பத்திரிகைகள்லயும் இதே தலைவலி இருந்தது. இன்னிக்கு நான் எடுத்துக்கிட்டது நா. பார்த்தசாரதியோட 'குறிஞ்சி மலர்'. 1950களோட கடைசியில் 'கல்கி'யில மணிவண்ணன்ங்கிற பேர்ல எழுதினார். அப்போ அவருக்கு முப்பது வயசுகூட ஆகலை. கதை படிச்சவங்க பிள்ளைங்களுக்கு அரவிந்தன், பூரணின்னு பேர் வச்ச காலம் அது. பின்னாடி தூர்தர்ஷன்ல தொடரா வந்தப்போ அரவிந்தனா நடிச்சவர் மு. க. ஸ்டாலின். ஆமா, அவரேதான்.

கதை நடக்கிறது பெரும்பாலும் மதுரையிலும் திருப்பரங்குன்றத்திலும். தமிழ்ப் பேராசிரியரான அப்பா இறந்துட்டார், தம்பி தங்கைங்க பொறுப்பு பூரணி தலையில. உதவின்னு வர்ற பணத்தை வேண்டாம்னு திருப்பி அனுப்புறா. பசியோட வேலை தேடி அலையறா. அப்புறம் மேடையேறிப் பேசுறா, தேர்தல் வரைக்கும் போறா. இங்க நா.பா. செஞ்ச கெட்டிக்காரத்தனத்தைக் கவனிங்க. வாரத் தொடருக்கு அடுத்தடுத்து ஒரு நிகழ்வு வேணும். அந்த நிகழ்வை அவர் பூரணியோட ஒரு முடிவா மாத்துறார். ஒவ்வொரு முடிவுக்கும் அவ ஒரு விலை கொடுக்கிறா. அதனால காதல் நகராத வாரத்திலும் கதை நகருது.

அரவிந்தன் விஷயம் வேற. அச்சகத்துல வேலை, கவிதை, லட்சியம், தூய்மை. முதல் சந்திப்புல எப்படி இருந்தானோ கடைசியிலும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கான். ஒரு தடவையாவது இவன் தப்பா ஒரு முடிவு எடுக்க மாட்டானான்னு எனக்கு ஏக்கமா இருக்கும். தப்பே செய்யாத ஆளை வணங்கலாம். அவனோட சண்டை போட முடியாது. சண்டை போட முடியாத ஆளோட காதல் எப்படி வளரும்?

இந்த இடத்துலதான் கதை கொடைக்கானல் ஏறுது. ஓய்ஞ்சுபோன பூரணி ஓய்வுக்காக அங்க தங்கியிருக்கா. அரவிந்தன் அவளைப் பார்க்க மலையேறி வர்றான். மலைச்சரிவுல குறிஞ்சி பூத்திருக்கு. பழனி மலைத்தொடர்ல நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறைதான் கூட்டமாப் பூக்கும். 1958ல பூத்தது, நா.பா. இந்தக் கதையை எழுதின காலமும் கிட்டத்தட்ட அதுதான். சங்க மரபுல குறிஞ்சித் திணைக்கு உரியது புணர்தல், அதாவது தலைவனும் தலைவியும் சேருவது. இது தெரிஞ்ச வாசகர் என்ன எதிர்பார்ப்பார்? ஆனா அந்த மலையில, அந்தப் பூக்களுக்கு நடுவுல, அரவிந்தன் கொண்டு வர்றது தேர்தல்ல நிக்கணும்ங்கிற வேண்டுகோள். கல்யாணம் தள்ளிப் போகுது.

எனக்கு இந்த நாவல்லயே ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். இதுவரைக்கும் காதலும் வளர்ச்சியும் வேற வேற தண்டவாளத்துல ஓடிட்டிருந்தது. இங்க மட்டும் ரெண்டும் நேருக்கு நேர் மோதுது. பூரணி பொதுவாழ்க்கைக்குப் போனா எதை இழப்பாள்னு நம்ம கண்ணால பார்க்கிறோம்.

இன்னொரு விஷயம். குறிஞ்சிச் செடி பூத்து விதை விட்டதும் காய்ஞ்சு செத்துடும். அத்தனை வருஷம் வளர்ந்தது ஒரே ஒரு பூப்புக்காகத்தான். தலைப்பு வச்சப்போ நா.பா. மனசுல இருந்தது பூவோட அபூர்வம்தான்னு நினைக்கிறேன். ஆனா முடிவைப் படிக்கும்போது எனக்குச் செடியோட சாவும் ஞாபகம் வருது.

ஏன்னா, அரவிந்தன் நோய்வாய்ப்பட்டு இறந்துடறான். கல்யாணமே ஆகாத பூரணி, மீதி வாழ்க்கையை அவன் நினைவுலயே கழிக்கிறா. அந்த வாரம் எத்தனை வீட்ல அழுதிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. சாவு வந்ததுல எனக்குப் புகார் இல்லை. ஆனா அந்தச் சாவு ஒரு கேள்வியையும் சேர்த்துப் புதைச்சிடுச்சு. மேடையில நிக்கிற ஒரு பெண், தனக்குச் சமமான ஒருத்தனோட ஒரே வீட்ல எப்படி வாழுவா? யார் சமைப்பா, யார் கூட்டத்துக்குப் போவா, யாருக்குக் கோபம் வரும்? அதை எழுதியிருந்தா அரவிந்தனும் வளர்ந்திருப்பான்.

'ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப்' படிச்சவங்களுக்கு நான் சொல்ல வர்றது புரியும். இசுனா ஹசெகுரா 2006லேர்ந்து 2011 வரைக்கும் 17 வால்யூம் எழுதினார். லாரன்ஸ் ஊர் ஊராப் போற வியாபாரி. அவன் பேராசையில மாட்டிக்கிற ஒவ்வொரு வியாபாரமும் ஹோலோ அவனை எவ்வளவு நம்பலாம்ங்கிற கணக்கையும் மாத்திடும். காதலுக்குத் தனி அத்தியாயம், வளர்ச்சிக்குத் தனி அத்தியாயம்னு பிரிக்கத் தேவையே இல்லை. அதனாலதான் கல்யாணத்துக்கு அப்புறமும் அவங்களால கதையைத் தொடர முடிஞ்சது. மலை ஊர்ல வெந்நீர் ஊற்று விடுதி நடத்துறாங்க, அதுலயும் சண்டை, கணக்கு, கவலை எல்லாம் இருக்கு. பூரணிக்கும் அரவிந்தனுக்கும் கொடைக்கானல்ல அப்படி ஒரு விடுதி கிடைச்சிருக்கக் கூடாதான்னு எனக்கு ஆதங்கம்.

தொடர் எழுதுறவங்களுக்கு ஒரு வேலை தர்றேன். அந்தக் கொடைக்கானல் அத்தியாயத்தை எடுத்துக்குங்க. அரவிந்தன் தேர்தல் பேச்சை ஆரம்பிக்கும்போது பூரணி "முதல்ல நம்ம விஷயத்தைப் பேசுவோம்"னு சொன்னா அடுத்த வாரக் கதை என்ன ஆகும்? ரெண்டு பக்கம் எழுதி அனுப்புங்க, வாய்ஸ் நோட்டா இருந்தாலும் சரி. நல்லா வந்ததை அடுத்த எபிசோடுல வாசிக்கிறேன்.