எலும்பு இல்லாத உடம்பா?



‘காதலன்’ படத்தில் ‘முக்காபுலா’ பாட்டுக்கு ஆடிய பிரபுதேவாவைப் பார்த்துவிட்டு, “அவனுக்கு உடம்புல எலும்பே இல்லப்பா” என்று விழுப்புரம், திண்டிவனம் பக்கம் சொல்லாத வாய் குறைவு. அது 1994. அவருக்கு அப்போது 21 வயது.

அந்தப் பாராட்டு எனக்கு முழுதாக ஒப்பவில்லை. எலும்பும் மூட்டும் இருந்தன. சிறு வயதிலிருந்தே பாடுபட்டுப் பழகியிருந்தன. அப்பா சுந்தரம் மாஸ்டர், திரைப்பட நடன இயக்குநர். பிரபுதேவா, தர்மராஜிடமும் உடுப்பி லட்சுமிநாராயணனிடமும் பரதநாட்டியம் கற்றார். முழங்கால் மடித்து அரைமண்டியில் நின்று உரமேறிய கால்கள்தான் மேற்கத்தியத் தாளத்துக்கும் வளைந்து கொடுத்தன. 1989-ல் ‘வெற்றி விழா’வுக்கு நடனம் அமைத்தபோது அவருக்கு 16 வயது!

அந்த மேற்கத்திய ஆட்டத்துக்கும் ஒரு தொடக்கம் உண்டு. பிரபுதேவா பிறந்த 1973-லேயே, ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த விருந்தில் கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா இளைஞர் இசைத்தட்டு போட்டார். பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் இடம் வந்தால் கூட்டம் துள்ளுவதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு அந்தத் துண்டை நீட்டிக்கொண்டே போனார். அந்தத் தாளத்தில் வளர்ந்ததுதான் பிரேக் டான்ஸ். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து ஆடினார்கள். அவர்களில் ஒருவர் ரிச்சர்ட் கோலோன். ‘கிரேசி லெக்ஸ்’ என்றால்தான் தெரியும். 1983-ல் வந்த ‘ஃபிளாஷ்டான்ஸ்’ படத்தில் நாயகி முதுகால் தரையில் சுழல்வார் அல்லவா? தலையில் விக் வைத்துக்கொண்டு அங்கே சுழன்றவர் இவர்தான். பார்த்தவர்களுக்கு அது தெரியாது.

நம் ஊரிலும் அப்படி முகம் தெரியாமல் போனவர்கள் உண்டு. ஆடி மாதம் கூழ் வார்க்கும் திருவிழாவில் ரெக்கார்ட் டான்ஸ் ஆடிய பையன்களைச் சொல்கிறேன். அவர்களுக்கு மாஸ்டர் இல்லை. வாடகை வீடியோ டெக்கில் கேசட்டைப் போட்டு, ஓட்டிப் பார்த்து, திரும்ப ஓட்டிப் பார்த்துக் கற்றார்கள். பலகை மேடையில் முழங்கை தேய ஆடினார்கள். பிரபுதேவாவுக்கு 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது; தகுதியான விருது. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் ஒரு போட்டியாகவே நடந்தது. திருவிழா மேடைக்காரர்களின் பெயர்களை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

அவர்களுக்கு இன்று ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், எந்தப் பாட்டுக்கு ஆடினார், யாரைப் பார்த்துக் கற்றார் என்று கேட்டு, அவர் சம்மதத்தோடு எழுதி வையுங்கள்.