சட்டம் இருக்கிறது, யாருக்காக விரைகிறது?

(போசரியில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரை)



போசரி எம்.ஐ.டி.சி.யின் சிறு பட்டறைகளில் இன்று வேலை உத்தரவு வாட்ஸ்அப்பில் வருகிறது. ஷிஃப்ட் நேரத்தைத் தெரிவிக்கும் அதே எண்ணிலிருந்து நள்ளிரவில் வேறு செய்தியும் வரக்கூடும். இணையவழித் துன்புறுத்தல் என்றதும் முகமறியாத ஒருவனையே நினைக்கிறோம். அவன் சம்பளத்தைக் கையில் வைத்திருப்பவனாகவும் இருக்கலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒரு பெண்ணின் தொலைபேசி எண்ணுடன் ஆபாசச் செய்திகளை யாகூ குழுவில் பரப்பியவன் மும்பையில் கைது செய்யப்பட்டு, 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டான். வழக்கு முடிய ஏறத்தாழ ஏழு மாதங்களே ஆயின. இணையத்தில் பெண்ணைப் பின்தொடர்வது 2013-இல் தனிக் குற்றமாயிற்று. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு. முதல் குற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறை. ஆனால் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். மறுநாளே அவன் அதே பட்டறையில் வந்து நிற்கலாம்!

2012 நவம்பரில், இதே மாநிலத்தின் பால்கரில், பால் தாக்கரே மறைவையொட்டிய கடையடைப்பை முகநூலில் கேள்வி கேட்ட பெண்ணும், அதற்கு விருப்பக்குறி இட்ட தோழியும் உடனடியாகக் கைது செய்யப்பட்டனர். அப்போது பயன்பட்ட 66ஏ பிரிவை உச்சநீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது. 2021 ஜூலையில் முஸ்லிம் பெண்களின் படங்களை 'ஏலத்திற்கு' வைத்தார்களே, அந்த வழக்கில் டெல்லி காவல்துறை ஆறு மாதம் எவரையும் கைது செய்யவில்லை. 2022 ஜனவரியில் அதே அக்கிரமம் புதிய பெயரில் வந்தபோது மும்பை காவல்துறை சில நாட்களில் கைது செய்தது. அதன் பிறகே டெல்லியும் அசைந்தது. ஆகவே 'இன்னும் கடுமையான சட்டம்' என்ற கோரிக்கையோடு நான் நிற்கமாட்டேன்.

'ஊருக்குப் போய்ப் புகார் கொடு' என்று நம் பெண்களை எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. குற்றம் எங்கு நடந்தாலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். வேலையிடத்துப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை என்றாலோ, முதலாளியே குற்றவாளி என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்திற்குள் புகார் தர வேண்டும். அவளுடன் சங்கத் தோழர் ஒருவர் செல்லட்டும். அதுவரை, அந்தச் செய்திகளை அவமானத்தில் அழித்துவிட வேண்டாம் என்று இன்றிரவே வீட்டில் சொல்லுங்கள்.